பன்னிரண்டு கோட்டு முளைகள்

கோட்டு மாட்டும் மர முளைகளுக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. காலையில் ஹெஸ்டர் தன் கையால் துடைத்த தரை. அதற்குப் பிறகு அமெரிக்காவின் வெர்மான்ட் மலையடியில் இருந்த அந்தச் சின்ன ஊர் மன்றத்துக்குள் யாரும் வரவில்லை. கூரை ஒழுகியிருக்கும், வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள்.

ஆண்டுதோறும் மார்ச்சில் பன்னிரண்டு பேர் கூடி ஊர்க்கூட்டம் நடத்தும்வரைதான் அந்தப் பாரம்பரியக் கட்டடத்துக்குப் பாதுகாப்பு. ஒரு வருடம் தவறினாலும் இடித்துவிடுவார்கள். ஊரில் மிஞ்சியதோ ஊர் எழுத்தரான ஹெஸ்டர் ஒருத்திதான். அதனால் ஆறு வருடங்களாக, முளைகளின் மேலிருந்த பெயர்த் தகடுகளைப் பார்த்து, செத்துப்போன பதினொரு பேரையும் வந்ததாக எழுதி, பன்னிரண்டாவதாகத் தன் பெயரையும் சேர்த்துவந்தாள். கட்டடத்தைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிக்கொண்டாலும், அந்தப் பெயர்களை வாய்விட்டு வாசிக்கும் ஒரு நாளுக்காக வருடம் முழுக்கக் காத்திருந்தாள். அவ்வளவு தனிமை.

இன்றைய கூட்டத்தோடு அதுவும் முடிந்தது. பாஸ்டனில் மகள் காத்திருந்தாள்.

பக்கத்து ஊரிலிருந்து வந்து பனி தள்ளும் வண்டி ஓட்டும் வெண்டல் கதவு வழியே தலையை நீட்டினார்.

"என்ன ஹெஸ்டர், கூட்டம் களை கட்டுதா? வருஷா வருஷம் பன்னெண்டு பேருன்னு எழுதறீங்க. எல்லாரும் பறந்தா வர்றாங்க? நான் தள்ளின பனியில ஒரு கால்தடத்தையும் காணோமே!"

"கிண்டல் போதும். போய் வண்டியில உக்காருங்க, ராஜினாமாவை மட்டும் எழுதிட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்க, இருட்டறதுக்குள்ள பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரணும்."

கதவு மூடியதும், அடுப்புப் புகையையும் பழைய வார்னிஷையும் மீறிக்கொண்டு, நனைந்த கம்பளியின் வாடையும் அதோடு மாட்டுத்தொழுவம், மட்டப் புகையிலை என்று ஒவ்வொன்றாக அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடைகளும் முதுகுப்பக்கமிருந்து மெல்ல வந்தன. ஹெஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. பெயர்களை வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் எங்கோ ஒரு நாற்காலி லேசாக முனகியது. பழைய மரம், குளிருக்கு முனகும் என்று சொல்லிக்கொண்டாள்.

எழுத்தர் விலக வேண்டுமானால் கூட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் அதுதான் முறை. வழக்கம் விடவில்லை, கேட்டாள்.

"எழுத்தர் ஹெஸ்டர் விலகுறாங்க. சம்மதம்னா கை தூக்குங்க."

சத்தமில்லை. அப்பாடா, பின்னால் யாருமில்லை என்றிருந்தது. அடுத்ததையும் கேட்டால்தான் முறை.

"சம்மதம் இல்லாதவங்க?"

பின்னால் கம்பளி உரசியது.

வெளியே ஹார்ன் அடித்தது. ஒருமுறை. மறுமுறை. பையை எடுத்தாள். திரும்பினாள்.

முளைகள் காலியாக இல்லை. பதினொரு பழைய கோட்டுகள். நீர் சொட்டின. உள்ளே யாருமில்லை. பதினொரு வெற்றுக் கோட்டுக் கைகளும் மேலே உயர்ந்திருந்தன.

பன்னிரண்டாவது முளையில் அவளுடைய கோட்டு. அதன் கையும் மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது.