முன்னால் ஆள் இருக்கு

சிவகாசிக்கு மேலே மேகத்துக்குள் நுழையும்போது துணை விமானி ஸ்ரீராம்குமாருக்குப் பசிதான் எடுத்தது. ஐப்பசி மழை. கண்ணாடிக்கு வெளியே ஒரே வெள்ளை; கருவிகளை நம்பித்தான் இறங்க வேண்டும். முன்னால் ஒரு விமானம் இறங்குவதால், இடைவெளிக்காக வேகத்தை நூற்றறுபதாகக் குறைக்கச் சொன்னது மதுரை டவர். கேப்டன் முத்துராமலிங்கம் குறைத்தார்.

அப்புறம் இன்னொரு குரல். "நூத்திப்பத்து வச்சுக்கோங்க. முன்னால ஆள் இருக்கு."

எந்த டவர் சிவகாசித் தமிழில் பேசும்?

"டவர்தானப்பா சொல்லுது," என்று கேப்டன் மேலும் குறைத்தார்.

"மெதுவா வாங்க, சின்ன மொதலாளி."

அது யார் குரல் என்று ஸ்ரீராம்குமாருக்குத் தெரிந்துவிட்டது. சங்கிலிமுத்து! அப்பாவின் பட்டாசு ஆலை போர்மேன். வெடிமருந்துத் தட்டு தூக்குகிறவர்களை இடைவெளி விட்டு மெதுவாக நடக்க வைப்பதுதான் அவர் வேலை. சித்திரையில் நடந்த வெடிவிபத்தில் ஆறு பேரோடு கரிந்து போனவர். வேலையாட்களின் கவனக்குறைவு என்று அப்பா சொன்னார். அவனும் நம்பினான்.

கந்தக நெடி மூக்கில் ஏறியது.

"தொண்ணூறு."

விமானம் உதறியது. அதற்குக் கீழே போனால் கல்லாக விழும். வேகத்தைக் கூட்டும் பிடியை அவன் தள்ளினான். அதைப் பற்றியிருந்த கேப்டனின் கை அசைய விடவில்லை. அவர் கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது.

இடுப்பில் பெல்ட். சுற்றிலும் வெள்ளை. பின்னால் நாற்பது உயிர்.

எங்கே ஓடுவது?

"சங்கிலிமுத்தண்ணே, இதுக்கு மேல முடியாதுண்ணே."

"நாங்களும் அதத்தான சொன்னோம். இதுக்கு மேல வெரசா நடக்க முடியாது மொதலாளின்னு. ஆர்டர் போகணும், ஓடுங்கலேன்னாரு ஒங்கப்பா."

"அப்பாவையே ஊரறிய உண்மையச் சொல்ல வைக்கிறேன்ணே. விட்ருங்க."

பிடி இளகியது. எஞ்சின் உறுமியது. மேகம் கிழிந்து ஓடுதளம் தெரிந்தது.

"என்னப்பா, தூங்கிட்டேனா?" என்றார் கேப்டன்.

தரையில் கால் வைத்ததும் அப்பாவுக்குப் போன் போட்டான். "அன்னைக்கு ஓடச் சொன்னது நீங்கதானாப்பா? உண்மையச் சொல்லீருங்க."

அப்பா கிசுகிசுத்தார்.

"ஏலே... வாசல்ல ஏழு பேரு வாராக. இடைவெளி விட்டு, மெதுவா."