ஐம்பதாவது சகோதரி

"வீல்ல்ல்...!"

அந்த அலறலில் ரோ தீட்டா என்ற மாணவிகள் சங்க இல்லத்தின் வாசலில் அதிர்ந்து கொண்டிருந்த பாட்டே நின்று போனது.

பகல் பதினொன்று நாற்பது. அலபாமாவின் ஆகஸ்ட் வெயில். தங்களைச் சேர்த்துக் கொண்ட சங்கத்தை நோக்கி, வெள்ளை கவுன் போட்ட புது மாணவிகள் புல்வெளியில் தலைதெறிக்க ஓடி வந்திருந்தார்கள். எங்கள் ஊர் கல்லூரியில் வருடா வருடம் நடக்கிற கூத்துதான்.

முதலில் வந்தவள், முந்தின ராத்திரியே வாசலில் மலையாய்க் குவித்திருந்த பலூன்களின் மேல் ஆசையாய்ப் பாய்ந்தாள்.

பட்! பட்! பட்!

பலூன்கள் வெடித்தன. அடியில்...

ஒரு கை. அப்புறம் ஒரு முகம். பாதி முகம்! மீதியைச் செங்கல் நசுக்கியிருந்தது.

பாய்ந்தவள் எழுந்தபோது அவள் கவுன் வெள்ளையாக இல்லை.

செத்தவள் பெயர் டெலியா. வயது பதினெட்டு. முதல் வருடம்.

போலீஸ் லெப்டினன்ட் ஹாகின்ஸ் வந்தாள். வாயில் சூயிங்கம், இடுப்பில் துப்பாக்கி, நாக்கில் அதைவிட மோசமான ஆயுதம். பிணத்தைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார்.

"காலைல ஆறு மணிக்கு முன்னாடியே கதை முடிஞ்சிருச்சு லெப்டினன்ட்."

"இவ ரூம்மேட் யாரும்மா?"

"நா... நான்தான் மேடம். மார்னி."

ஒல்லியான பெண். விரல்கள் ஒரு கார்டை இறுக்கிப் பிடித்திருந்தன.

"அது என்ன கார்டு?"

"ரோ தீட்டாவில சேரச் சொல்லி அழைப்பு மேடம். சாயங்காலம் அஞ்சுக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்."

"லிஸ்ட் நேத்தே போட்டாச்சே?"

"நேத்து..." கார்டைத் திருப்பிப் பார்த்தாள். "இந்த மாதிரி பதினாறு சங்க வீடு இருக்கு மேடம். பதினாறும் என்னை வேணாம்னுட்டாங்க. இன்னிக்கு எட்டரைக்கு இந்த வீட்டுத் தலைவி கேம்ப்ரி வந்து கார்டைக் கொடுத்துட்டுப் போனாங்க."

"திடீர்னு ஏன்?"

"சொல்லல. நானும் கேட்கல. கேட்டா திருப்பி வாங்கிட்டாங்கன்னா?"

"சேரப் போறியா?"

"தெரியல மேடம்... கூட இருந்தவ செத்துக் கிடக்கறா. நீங்களே சொல்லுங்க, சேரலாமா... வேணாமா?"

"ஒரு நாய் வாங்கறதுக்கே மூணு வருஷம் யோசிச்சவ நான். என்னைப் போய்க் கேட்கறே!"

ஹாகின்ஸ் தலைவியைக் கூப்பிட்டாள். கேம்ப்ரி வந்தாள். நாலாம் வருடம். அழும்போதும் மை கலையாத கண்கள்.

"வருஷத்துக்கு எத்தனை பேரைச் சேர்ப்பீங்க?"

"அம்பது சகோதரிங்க மேடம். அதுக்கு மேல ஒரு ஆள் கூடக் கூடாது, காலேஜ் ரூல்."

"நேத்தே அம்பதும் ரொம்பிடுச்சு. அதுல ஒருத்தி டெலியா. அவ செத்தது பதினொன்னு நாற்பதுக்குத்தான் ஊருக்கே தெரியும். ஆனா நீ எட்டரைக்கே அவ இடத்துக்கு வேற ஆள் பிடிச்சிருக்கே. காலி ஆனது உனக்கு மட்டும் எப்படிடீ தெரிஞ்சுது?"

கேம்ப்ரியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"உ... உள்ளே போய்ப் பேசலாமா மேடம்?"

கதவு சாத்தப்பட்டது. பத்து நிமிடம். திறந்தபோது... கேம்ப்ரியின் கைகளில் விலங்கு! கூடியிருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள்.

ஹாகின்ஸ் சாப்பாட்டு அறைக்கு நடந்தாள். வெட்டப்படாத பெரிய கேக்கின் பக்கத்தில் மார்னி தனியாய் உட்கார்ந்திருந்தாள்.

"கேஸ் முடிஞ்சுது கண்ணு. கேம்ப்ரிதான். இந்த வீட்டை இன்னிக்கே பூட்டி சீல் வைக்கறோம். இனி ரோ தீட்டாவும் கிடையாது, சேர்க்கையும் கிடையாது. கார்டைக் கிழிச்சுப் போட்டுட்டு ஊர் போய்ச் சேரு."

"பூ... பூட்டப் போறீங்களா?"

"ஆமா."

"ஐயோ மேடம், கேம்ப்ரி கொல்லல! டெலியாதான் மெசேஜ் அனுப்பினா! எனக்கு வேணாம், என் இடத்தை மார்னிக்குக் கொடுங்கன்னு! அதனாலதான் எனக்குக் கார்டு வந்துச்சு! வீட்டைப் பூட்டாதீங்க மேடம்!"

ஹாகின்ஸ் மெல்லுவதை நிறுத்தினாள்.

"எந்த மெசேஜ்?"

மார்னி வாயைப் பொத்திக் கொண்டாள். பொத்தி என்ன பயன்?

"ரோ தீட்டாவையே ஒருத்தி வேணாம்னு சொல்லிட்டான்னு தெரிஞ்சா மானம் போயிடும்னு, கேம்ப்ரி அதைப் படிச்ச உடனே அழிச்சுட்டா. கதவைச் சாத்தி மிரட்டற வரைக்கும் எங்கிட்டயே மூச்சு விடல. அவளுக்கு விலங்கு மாட்டினது சும்மா, உன் வாயைத் திறக்கத்தான். மெசேஜ் வந்தது எட்டு மணிக்கு. ஆறுக்கே செத்தவ எட்டுக்கு மெசேஜ் அனுப்ப மாட்டா. அதுல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேர்தான் மார்னி. ஒருத்தி படிச்சவ. இன்னொருத்தி..."

விருட்!

மார்னி கேக் கத்தியோடு பாய்ந்தாள். ஹாகின்ஸின் முன்கை கிழிந்து ரத்தம் பீறிட்டது. மார்னி மறுபடி கத்தியை ஓங்கினாள், கழுத்துக்கு!

ஹாகின்ஸ் குனிந்தாள். முழங்கையால் மூக்கில் ஒரு இடி.

மளுக்!

கொத்தாய்த் தலைமுடியைப் பிடித்துக் கேக்கில் முகத்தை அமுக்கினாள். வெள்ளைக் க்ரீம் சிவப்பானது. கத்தி தரையில் உருண்டது.

"ஏன்டீ கொன்னே?"

"பதினாறு வீடும் அவளைக் கூப்பிட்டுச்சு மேடம்!" மார்னி ரத்தமும் க்ரீமுமாய்க் கத்தினாள். "விடிகாலைல ரெண்டு பேரும் ஜாகிங் போயிட்டு வந்தோம். இந்த வாசல்ல நின்னு கொட்டாவி விடறா! 'சேரலாமா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணலடீ, மதியம் பார்க்கலாம்'கறா! நான் ராத்திரி முழுக்க அழுதிருக்கேன்... காலடியில செங்கல் கிடந்துச்சு... அப்புறம் பலூனுக்கு அடியில தள்ளிட்டு, அவ ஃபோனை எடுத்துட்டுப் போயிட்டேன்..."

கேம்ப்ரியின் கையிலிருந்து கழற்றிய விலங்கு மார்னியின் கைக்கு வந்தது. மார்னி குலுங்கிக் குலுங்கி அழுதாள். பார்க்கவே பரிதாபமாகத்தான் இருந்தது.

"ஏதாவது ஒரு வீட்ல என்னைச் சேர்த்துக்கிட்டாப் போதும்னுதானே மேடம் நினைச்சேன்..."

ஹாகின்ஸ் கைக்குட்டையைக் காயத்தில் சுற்றிக் கொண்டே ஜீப் கதவைத் திறந்துவிட்டாள்.

"அழாதே கண்ணு, சேர்த்துக்கிட்டாச்சு! பொம்பளைங்க மட்டும் இருக்கற வீடு, எல்லாருக்கும் ஒரே டிரஸ், மூணு வேளை சாப்பாடு... இதுவரைக்கும் ஒருத்தியைக் கூட அங்க வேணாம்னு திருப்பி அனுப்பினதே இல்ல!"