முதல் பாக்கெட் பபிள்கம்

டெலிபோன் அலறியது!

ஜெயசங்கரின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி ஆடியது. மெழுகுத்தாள் மட்டும் பொசுங்கியிருந்தால்... ஒரு கொலை பாழாகியிருக்கும்!

பொசுங்கவில்லை. சூட்டில் மெழுகு இளகி, பாக்கெட்டின் மடிப்பு கடையில் இருந்த மாதிரியே ஒட்டிக்கொண்டது. உள்ளே சில சினிமாக் கார்டுகள். கூடவே ஒரு துண்டு பபிள்கம். அதன் மேல் சர்க்கரைத் தூளோடு தூளாக...

விஷம்!

ரிசீவரை எடுத்தான்.

"ஜெயசங்கர்! சாயங்காலம் வர்றேல்ல? பச்சைப் பூதம் பெட்டி பிரிக்கிறோம்!"

திருமலைசாமி. ஜெயசங்கர் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவின் தலைவன். கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம். நாற்பது வயது. இந்த 1978-ல் மான்ட்ரியல் பிள்ளைகளைப் பைத்தியமாக்கும் 'பச்சைப் பூதம்' என்ற விண்வெளிப் படத்தின் கார்டுகளை உட்கார்ந்து சேர்க்கிறான்!

த்தூ!

"வராம இருப்பேனா? உனக்காக ஒரு பெட்டியே வாங்கி வச்சிருக்கேன்."

"நீயா! பேப்பர் பொறுக்கின்னு என்னைத் திட்டினவனாச்சே?"

"மனசு மாறிட்டேன்டா. அப்புறம்... அந்தத் திங்கட்கிழமை விஷயம்..."

எதிர்முனையில் சிரிப்பு நின்றது.

"அதுல மாத்தம் இல்ல. எலியே இல்லாம எலிக்கு மருந்து குடுத்ததா ரிப்போர்ட் எழுதியிருக்க. நாளைக்கு அந்த மருந்தை மனுஷன் சாப்பிடுவான். நீயா மேனேஜர்கிட்ட ஒத்துக்கோ. இல்லேன்னா திங்கட்கிழமை நான் சொல்லுவேன்."

"சரிடா. நேர்ல பேசுவோம்."

திங்கட்கிழமையாம்! உனக்கு ஏதுடா இனி திங்கட்கிழமை?

விஷப் பாக்கெட்டைப் பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான். திருமலை மேலிருந்துதான் பிரிப்பான். முதல் பபிள்கம்மை உடனே வாயில் போட்டு ஆடு மாதிரி மெல்லுவான். மெதுவாக வேலை செய்யும் விஷம். தூக்கத்தில் இதயம் நிற்கும். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் அடுத்த வேலையைப் பார்ப்பார்.

"ஏங்க, கிளம்பலாமா?" என்றாள் அனுசூயா.

அவன் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இருக்கிறாள். நாற்காலியும்தான் இருக்கிறது!

ஊரின் சென்ட் லோரன்ட் பகுதியில் திருமலையின் ஃபிளாட். கதவைத் திறந்தவள் அவன் மனைவி வசந்தகுமாரி.

"பெட்டியா! குடுங்கண்ணா. பெருமாள்கிட்ட வச்சு எடுத்துட்டு வர்றேன்."

வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தாம்பாளத்தோடு வந்தாள். தாம்பாளத்தில் பெட்டி. பெட்டி மூடியில் பல்லைக் காட்டும் பச்சைப் பூதம். பூதத்தின் நெற்றியில் மஞ்சள் பொட்டு!

"பூதத்துக்குப் பூஜையா?"

"புதுசா எது பிரிச்சாலும் மஞ்சள் வைக்கிறதுதானே?"

படித்தவர்களாம்! ஜெயசங்கர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

திருமலை மேல் பாக்கெட்டை எடுத்தான். பிரித்தான்.

"பூதம் ராக்கெட்டை முழுங்குது... இது இருக்கு. பூதம் பல்லு குத்துது... அடடா, இது இல்லை!"

பபிள்கம் அவன் விரல்களுக்கு நடுவே வந்தது. ஜெயசங்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

திருமலை அதைத் தாம்பாளத்தில் வைத்தான்!

"ஏன்டா... மெல்லலையா?"

"புரட்டாசி சனிக்கிழமைடா. படைக்காம எதையும் வாயில வைக்க மாட்டேன்."

வசந்தகுமாரி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மணிச் சத்தம் கேட்டது.

"பெருமாளுக்குப் போய் பபிள்கம்மா?" என்றான் ஜெயசங்கர்.

"இனிப்புதானேண்ணா?" உள்ளேயிருந்து பதில் வந்தது. "உறையைப் படிச்சுப் பார்த்துட்டேன். முட்டை கிட்டை ஒண்ணும் போடல."

திரும்பி வந்தவளின் தட்டில் அது நாலு துண்டாக உடைந்து கிடந்தது!

திருமலை ஒன்றை வாயில் போட்டான். ஒழிந்தான்!

வசந்தகுமாரி போட்டுக்கொண்டாள். போகட்டும்.

அனுசூயா கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஒரு வார்த்தை போதும். 'வேண்டாம்' என்றால் தட்டிலேயே வைத்துவிடுவாள்.

ஜெயசங்கர் வாயைத் திறக்கவில்லை. மூன்று பேர் ஒரே ராத்திரியில் போனால்? ராத்திரிக்கு வசந்தகுமாரி செய்து வைத்திருக்கும் புளியோதரை மேல் பழியைப் போட்டால் தீர்ந்தது. நாற்காலி வேறு வாங்கிக்கொள்ளலாம்!

"வாசனையா இருக்குங்க," என்று மென்றாள் அனுசூயா.

"அண்ணா, உங்க பங்கு."

"எனக்குப் பல்வலி..."

"கடிக்க வேணாம். சப்புங்க."

"பேன்ட் பையில வச்சுக்கறேன்... அப்புறமா..."

"பிரசாதத்தைப் பேன்ட் பையிலயா!" அனுசூயா பதறினாள்.

"பெரிய துரை!" திருமலை எழுந்து வந்தான். இடது கையால் நண்பனின் தாடையைப் பிடித்தான். "ஆ காட்டுடா!"

திணித்தே விட்டான்!

"ஆஆஆ!"

ஜெயசங்கர் கம்பளத்தின் மேல் துப்பினான். தொண்டைக்குள் விரலை விட்டான். பாத்ரூம் பக்கம் ஓடி, நிலையில் மோதி விழுந்தான்.

"உப்புத் தண்ணி! ஆம்புலன்ஸ்! அது விஷம்டா... நான்தான் தடவினேன்!"

மூன்று வாய்களும் மெல்லுவதை நிறுத்தின.

"எதுல தடவின?" என்றான் திருமலை.

"நான் கொண்டுவந்த பெட்டியில... முதல் பாக்கெட்ல..."

"உன் பெட்டியிலயா? அது பீரோவுக்குள்ள இருக்கு."

"எ... என்ன?"

"மடையா! கார்டு சேர்க்கிறவன் ரெண்டு பெட்டி வச்சிருப்பான். ஒண்ணு பிரிக்க. ஒண்ணு கடைசி வரைக்கும் பிரிக்காம வைக்க. வைக்கிறதுக்கு நீ குடுத்தியேன்னு பூரிச்சுப் போயிருந்தேன். இப்பத் தின்னது ஜான்-டலோன் சந்தைப் பக்கத்துக் கடையில நானே வாங்கின பெட்டி!"

கம்பளத்தில் கிடந்த கால் துண்டு பபிள்கம்மை வெறித்தான் ஜெயசங்கர்.

அனுசூயா அவன் முன்னால் வந்து நின்றாள்.

"விஷம்னு நெனச்சுக்கிட்டேதான் நான் மெல்றதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?"

ஜெயசங்கர் தரையோடு தரையாகப் பின்னால் நகர்ந்தான்.

அவள் டெலிபோனை எடுத்தாள். சுழற்றினாள்.

"போன்ஷூர்... போலீஸா?"

விலாசத்தைச் சொன்னாள். 'மெர்ஸி' என்று நன்றி சொல்லி வைத்தாள்.

"அனுசூயா..." திருமலை கிட்டத்தட்ட அழுதான். "போலீஸ் வந்தா அந்தப் பெட்டியைப் பிரிச்சிடுவாங்களேம்மா!"

"பிரிக்கட்டும்ணா."

மறுபடி மெல்ல ஆரம்பித்தாள். உதட்டில் ரோஜா நிறத்தில் ஒரு முட்டை ஊதினாள். அது பெரிதாகி, பெரிதாகி...

டப்!

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் புருஷனிடம். "உங்களுக்குத்தான் குடுத்து வைக்கல!"