நாற்காலியில் ஆள் இருக்கிறது

நாற்காலி நனைந்திருந்தது. உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்த பிரிஜா கூரையைப் பார்த்தாள். ஒழுக்கு எதுவும் இல்லை. மெத்தையை விரலால் அழுத்தினாள். தண்ணீர் ஊறி வந்தது. விரலை மோந்தாள். உப்பும் டீசலும் கலந்த வாடை.

வெளியே மழைக்காலத்துப் பிற்பகல். பக்கத்து அறையில் மாமியார் கிளாரா படுத்திருந்தாள். மகன் கிளீட்டஸ், பிரிஜாவின் கணவன், ஓகிப் புயலில் கடலோடு போன வருடமே அவளுக்கு வாதம் வந்தது; நெய்யூர் ஆஸ்பத்திரியில் காட்டியும் கையும் காலும் அசையவில்லை. அவளை விட்டுவிட்டு பிரிஜா எங்கே வேலைக்குப் போவாள்? கூடப் படித்த நாகர்கோவில் சுபிதாதான், தான் மேற்பார்வை பார்க்கும் பெங்களூர் கம்பெனியில், வீட்டிலிருந்தே செய்கிற வேலையை வாங்கிக் கொடுத்தாள். டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். கம்ப்யூட்டரின் கேமரா எந்த நேரமும் படம் எடுக்கும். முகம் தெரியாமல் மங்கலாகத்தான் போகும். ஆள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். நாற்காலி காலியென்றால் சிவப்புப் புள்ளி. புள்ளிகள் கூடினால் வேலை போய்விடும். வேலை போனால் மருந்தும் இல்லை, கஞ்சியும் இல்லை.

கிளாராவைத் துடைக்கவும் புரட்டிப் படுக்கவைக்கவும் எழுந்துதானே ஆக வேண்டும்? அதற்காகத் தலையணைக்குக் கிளீட்டஸின் நீலக்கட்டச் சட்டையை மாட்டி நாற்காலியில் சாய்த்து வைத்தாள். உடல் கிடைக்காததால் அவன் உடுப்புகளைப் பெட்டியில் வைத்துத்தான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கியிருந்தார்கள். ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியும், அந்த ஒரு சட்டையை மட்டும் அவள் ஒளித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சிவப்புப் புள்ளி விழவே இல்லை.

நனைந்த மெத்தையைத் துணியால் ஒற்றி, மேலே தலையணையை வைத்துவிட்டுக் கிளாராவுக்கு முதுகு துடைக்கப் போனாள்.

"மக்கா, டைப் அடிக்கது ஆரு?"

"ஆருமில்ல மாமி. மழையாக்கும்."

"மழைக்க சத்தம் எனக்குத் தெரியாதா? நீ இஞ்சயில்லா நிக்கிய."

பிரிஜாவின் கை நின்றது. ஆமாம், மழை இல்லை. ஓட்டமும் நிறுத்தமுமாக, எழுத்துகளைத் தேடித் தேடி அடிக்கும் விரல்கள். அவள் வாசலுக்கு வந்ததும் சத்தம் அடங்கியது. தலையணை வைத்தபடியே சாய்ந்திருந்தது. சட்டையின் கைகள் மட்டும் விசைப்பலகைமேல் நீண்டு கிடந்தன. விசைகளுக்கு நடுவே தண்ணீர்.

சட்டையை உருவினாள். அலசிப் பிழிந்து, பின்பக்கச் சாய்ப்புக் கூரைக்குக் கீழே கொடியில் போட்டு இரண்டு கிளிப்பும் மாட்டினாள். தலையணையை அலமாரிக்குள் திணித்தாள். நாற்காலி காலி. இனி காலியாகவே இருக்கட்டும்.

கிளாராவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது சுபிதா போனில் கூப்பிட்டாள்.

"ஏட்டி பிரிஜா, மேல உள்ளவனுவளுக்கு ஒன்மேல சந்தேகம், கேட்டியா. நாள் முழுக்க எந்திரிக்காம வேல பாக்காளே, இவ மனுசியா மிசினான்னு கேக்கானுவ." அவளே சிரித்தாள். "அவ எனக்க கூட்டுக்காரி, என்கிட்ட பொய் சொல்லமாட்டான்னு சொல்லியிருக்கேன். இப்ப கேமராவ மங்கலில்லாம தொறக்கப்போறேன். சீட்ல இருந்தா மதி. இருக்கியா?"

கிளாராவுக்குப் புரையேறியது. அவள் தலையைத் தாங்கியிருந்த கையை எடுக்க முடியாது. ஒரு நிமிடம் கொடு என்று சொல்லியிருக்கலாம். சுபிதா கொடுத்திருப்பாள்.

"இருக்கேன்," என்றாள் பிரிஜா.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். எல்லாம் முடிந்தது.

"ஆமா, இருக்கிய," என்றாள் சுபிதா நிம்மதியாக. "பாக்கேன். இனி ஒருத்தனும் வாயத் தொறக்கமாட்டான்."

பிரிஜா ஜன்னல் வழியே பார்த்தாள். கொடியில் இரண்டு கிளிப்புகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"என்னட்டி, ஆம்பள சட்டையப் போட்டிருக்க? தலையெல்லாம் ஈரம்? குனிஞ்சிட்டே இருக்கியே. கொஞ்சம் மூஞ்சத் தூக்கு."

பக்கத்து அறையில் நாற்காலி கிறீச்சிட்டது.

போனில் மூச்சு இரைத்தது.

"ஏட்டி..." சுபிதாவின் குரல் உடைந்திருந்தது. "நீ எங்க நிக்கிய?"

நாற்காலியின் சக்கரம் உருண்டது. நின்றது. ஈரக்கால் ஒன்று. இன்னொன்று.

உப்பு வாடை. டீசல்.

கதவுக்கு அடியில் தண்ணீர் வந்தது.

கிளாரா வாசலைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, அசையாத அந்தக் கையை ஊன்றி, மெல்லச் சுவரோரமாக நகர்ந்து படுத்தாள், கட்டிலில் இன்னொருவருக்கு இடம் விட்டு.