நாலாம் தொட்டில்காரி

கழுவிய கையில் பால் வாடை அடித்தது.

சோப்பு மணக்கவேண்டிய கை. ஹெட் சிஸ்டர் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். தாய்ப்பால்தான், குடிக்கப் பிள்ளையில்லாமல் ரவிக்கையில் ஊறிக் காய்ந்த பாலின் புளித்த வாடை. இருபத்தாறு வருடம் பச்சைக் குழந்தைகள் வார்டில் குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாதா என்ன? மறுபடி குழாயைத் திறந்தாள்.

மத்தியான வெயில் தொட்டித் தண்ணீரில் பளபளத்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவள் மகள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பேத்தி பிறந்து மூன்று நாளாகிறது. பாட்டி இன்னும் ஒரு விரல்கூட வைக்கவில்லை.

"என்னம்மா நீ? ஊரார் பிள்ளையெல்லாம் தூக்குற, உன் பேத்தின்னா மட்டும் தள்ளி நிக்கிற?"

"சளி பிடிச்சிருக்குடி" என்று புளுகி வைத்திருந்தாள். இன்று குழந்தையை வீட்டுக்கு அழைத்துப்போகும் நாள். இனி சாக்கு செல்லாது.

பயம் சும்மா வரவில்லை. போன மாதம் இதே வார்டில், மூன்றாம் தொட்டில் பிள்ளையின் சீழ் வைத்த புண்ணைத் துடைத்துவிட்டு, அதே கிளவுஸோடு நாலாம் தொட்டில் பிள்ளையைத் தூக்கினாள்.

"சிஸ்டர், கையைக் கழுவிட்டுத் தொடுங்களேன்" என்று பெற்றவள் கெஞ்சினாள்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? அதான் கிளவுஸ் போட்டிருக்கேன்ல!"

மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை போய்விட்டது. விசாரணை வந்தபோது, கை கழுவும் பதிவேட்டில் ஒரு கட்டம் விடாமல் டிக் இருந்தது. எல்லாம் இவளே உட்கார்ந்து போட்டது. "அம்மாக்காரி கை சுத்தமில்லைங்க" என்று வாய் கூசாமல் சொன்னாள். அந்தப் பெண்ணை வீட்டாரே பிள்ளையை முழுங்கினவள் என்று ஏசினார்கள். பால் கட்டி, காய்ச்சல் கண்டு, பத்தே நாளில் அவளும் போய்ச் சேர்ந்தாள். கேட்டவர்களெல்லாம் ஐயோ பாவம் என்றார்கள். இந்த மகராசி அதைக்கூடச் சொல்லவில்லை.

உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துத் தேய்த்தாள். பிறகு புறங்கை. பிறகு விரல்களைக் கோத்து, இடுக்கெல்லாம் நுரை பொங்க, வாடை போகட்டும் என்று பரபரவென்று தேய்த்தாள். கோத்த இடத்தில் ஏனோ நெருக்கமாக இருந்தது. நுரைக்குள் ஒரு விரல், அவள் அசைக்காமலே அசைந்தது.

எண்ணினாள். ஒன்பது. பத்து. பதினொன்று.

எண்ணுவதை நிறுத்தினாள்.

கையை இழுத்தாள். வரவில்லை. சில்லிட்ட விரல்கள். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். அவை அவள் கட்டைவிரலைப் பிடித்துச் சுற்றின. நகக்கண்களை உள்ளங்கையில் தேய்த்தன. அவசரமே இல்லை. ஒரு படியையும் விடவில்லை. இவள் ஒரு நாளும் அவ்வளவு பொறுமையாகக் கழுவியதில்லை.

காதோரம் சூடான மூச்சு.

"இப்ப டிக் போட்டுக்கோங்க, சிஸ்டர்."

ஒரு முழங்கை குழாயை மூடியது. அவளுடையதல்ல.

கைகள் முன்னே போயின. அவள் பின்னே இழுபட்டாள். மகள் முகமெல்லாம் பல்லாக எழுந்தாள்.

"அப்பாடா, வந்தியா! கை கழுவிட்டேல்ல?"

கொடுக்காதே. கொடுக்காதேடி. நாக்கு எழவில்லை.

"கழுவியாச்சு" என்றது அவள் வாய்.

மகள் குழந்தையைக் கொடுத்தாள். வெதுவெதுப்பான முதுகு. பஞ்சு போன்ற தலை. பாட்டியின் பத்து விரல்களும் மரத்துப்போய்க் குழந்தையைத் தாங்கி நின்றன.

மற்றப் பத்து விரல்கள் துணிக்குள் மெல்ல நுழைந்து, இன்னும் காயாத தொப்புளைத் தேடின.