ஆறுமணிக் குருவிக்கு ஓர் அழைப்பு

அந்தக் காட்டில் அன்று ஓர் அட்டைகூட இல்லை. ஐப்பசி மழை காலை முழுக்கக் கொட்டித் தீர்த்திருந்தது. ஹந்தானை மலைச் சரிவில் சருகெல்லாம் ஊறி, கழுவாத தேநீர்க் கோப்பைபோல மணத்தது. அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை சவர்க்காரம் பூசி வந்த பறவைக் கழகத்தார், நல்ல அதிர்ஷ்டம் என்று சிரித்தார்கள். அவர்களில் ஜஹானாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மழை விட்டதும் மொய்க்க வேண்டிய அட்டைகள் எதற்கோ பயந்து ஒளிந்திருக்கின்றன என்று பட்டது.

வடக்கேயிருந்து ஆறுமணிக் குருவி வந்திறங்கும் பருவம் இது. அதைக் காட்டத்தான் தங்கை றிப்தாவை இழுத்து வந்திருந்தாள். பேராதனையில் மருத்துவம் படிக்கிற பிள்ளை, பரீட்சையில் தவறியதிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதேயில்லை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தால் போதும் என்றிருந்தது ஜஹானாவுக்கு.

கழகத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. பதிவு செய்த குரலைப் போனில் போட்டுப் பறவையைக் கூப்பிடக் கூடாது. "தன்ட இனந்தான் கூப்புடுதுண்டு நம்பி வந்துடும். பாவம், அது ஏமாத்து வேல," என்பார் தலைவர் நிஸாம்.

நிஸாமும் மற்றவர்களும் ஓடைப் பக்கம் இறங்கிவிட்டார்கள். மூடுபனி மரங்களுக்கிடையே மெல்ல நுழைந்தது. இலையிலிருந்து நீர் சொட்டும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

"ஒண்டையும் காணல்லியே ராத்தா. போவமா?" என்றாள் றிப்தா.

அந்தக் குரலில் இருந்த சோர்வை ஜஹானாவால் தாங்க முடியவில்லை. போனை எடுத்துக் குருவியின் குரலைப் போட்டாள். இரண்டு சுரத்தில் ஒரு சீட்டி. அதன் கடைசியில், பதிவு செய்த யாரோ ஒருவரின் இருமல்.

மர உச்சியிலிருந்து அதே சீட்டி பதிலுக்கு வந்தது.

றிப்தா வாய்விட்டுச் சிரித்தாள். ஜஹானாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பிறகு மரம் இருமியது.

"மேல ஆரோ ஈக்காங்க," என்று தொலைநோக்கியை உயர்த்தியபடி றிப்தா நடந்தாள். ஜஹானா கையை நீட்டுவதற்குள் பனி அவளை மூடிவிட்டது.

"றிப்தா!"

"றிப்தா!" என்றது உச்சி. ஜஹானாவின் குரலில். அடுத்து றிப்தாவின் சிரிப்பு. அதே சிரிப்பு. திரும்பத் திரும்ப.

ஓடினாள். வழுக்கினாள். எழுந்தாள்.

பெரிய அடிமரத்துக்குப் பின்னால் றிப்தா நின்றிருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. உயிரைக் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தாள், சத்தமே இல்லை. "ராத்தா, இங்க வாங்க," என்று அவள் குரல் மேலே கொஞ்சியது.

ஜஹானா அவளைப் பிடித்து இழுத்தாள். அசைக்க முடியவில்லை. தன் கால்களும் நகரவில்லை. 'நிஸாம் சேர், வராதீங்க' என்று கத்தினாள். தொண்டையிலிருந்து வெறும் காற்று வந்தது.

"நிஸாம் சேர்! வாங்க! குருவி இங்க ஈக்குது!" மேலே. அவள் குரல். அத்தனை மகிழ்ச்சியாக.

"ஜஹானா கண்டுட்டா போல," என்றார் கீழே நிஸாம். "சத்தம் போடாம வாங்க."

பனி விலகியது. ஒருவர் பின் ஒருவராக, அடிமேல் அடி வைத்து, சிரித்த முகத்தோடு வந்தார்கள். எல்லோர் தொலைநோக்கியும் உச்சியைப் பார்த்திருந்தது. வாய் பிளந்து நின்ற இரண்டு பெண்களை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.