பதினேழாம் நம்பர் வில்லை

டங்!

ஆள் அரவமில்லாத ஹெலிகாப்டர் ஹேங்கரில் ஏதோ உலோகம் தரையில் விழுந்து, உருண்டு, சுற்றிச் சுற்றி அடங்கியது.

மதியச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் கேண்டீனில். ஹெலிகாப்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, பராமரிப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசர் ஒருவர்தான் உள்ளே. பேனா பாதி எழுத்தில் நின்றது.

கருவிப் பலகைக்குக் கீழே ஒரு பித்தளை வில்லை கிடந்தது.

அந்தப் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவமும் கறுப்பாக வரையப்பட்டிருக்கும். கருவியை எடுப்பவர் தன் நம்பர் பொறித்த வில்லையை அது தொங்கிய ஆணியில் மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூடிரைவர் திரும்பி வராவிட்டாலும் ஹெலிகாப்டர் கிளம்பாது. உள்ளே மறந்து வைத்தது வானத்தில் வைத்து உயிரை வாங்கிவிடுமே!

பிளையர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு உருவம் மட்டும் இருந்தது.

வில்லையை எடுத்துப் பார்த்தார். பதினேழு. அதன் ஓரம் தீயில் உருகிச் சுருண்டிருந்தது.

பதினேழு, நொட்டாங்கையின் நம்பர். எந்த வேலையையும் இடது கையால் செய்த அந்த மெக்கானிக்குக்குக் கூட வேலை செய்தவர்கள் கேலியாக வைத்த பெயர். மாட்டுகிற ஒவ்வொரு பின்னின் தலையிலும் சிவப்புப் பெயிண்டில் பொட்டு வைப்பது அவன் வழக்கம். ஏழு வருஷத்துக்கு முன்னால், சோதனை ஓட்டத்துக்கு ஏறிய அவனும் பைலட்டும் கரிக்கட்டையாகத்தான் திரும்பினார்கள். வால் விசிறியின் நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகி, இரண்டு காலையும் வளைத்துவிடும் பின் அங்கே இல்லை.

“மாட்டிட்டேன்னு சொன்னான். நம்பிட்டேன்” என்றார் சூப்பர்வைசர் விசாரணையில். செத்தவன் மறுத்துப் பேச வரவா போகிறான்?

அதன்பிறகு மாதாமாதம் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதும் அவர்தான். திரையில் நொட்டாங்கையின் போட்டோவைப் போட்டு, “இவனை மாதிரி ஆயிடாதீங்க” என்று முடிப்பார். ஒருமுறை அவன் மனைவி கேட்டில் வந்து நின்றாள். “அவரு மறக்கிற ஆளில்ல சார்” என்றாள். அவ்வளவுதான். அழக்கூட இல்லை.

வில்லையை மேஜையில் வைத்தார். கருகிய எண்ணெய் வாடை வந்தது. கூரைத் தகரம் வெயிலில் முறுக்கிக்கொண்டு படபடத்தது. தூரத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே, வால் பக்கத்திலிருந்து, யாரோ பொறுமையாக உலோகத்தை முறுக்குவது போல ஒரு கிறீச். அப்புறம் இன்னொரு கிறீச்.

போனார். ஏணியில் ஏறினார். பிளையர் அதன் மேல்தட்டில் இருந்தது. தொட்டார். அதன் பிடி சூடாக இருந்தது, இப்போதுதான் ஒரு கை விட்டுப்போனது போல.

வால் விசிறியின் நட்டைப் பார்த்தார். துளை காலியாக இருந்தது.

காலையில்தான் தன் கையால் அந்தப் பின்னை மாட்டியிருந்தார். டப்பாவிலிருந்து புதுப் பின் எடுத்து, துளையில் செருகி, இரண்டு காலையும் பிளையரால் வளைத்துவிட்டுக் கீழே இறங்கினார். சட்டைப் பையில் ஏதோ குத்தியது.

பின். கால் வளையாமல், நேராக.

மேலே ஏறினார். துளை காலி. மறுபடி மாட்டினார். வளைத்தார். இழுத்துப் பார்த்தார், வரவில்லை. இறங்கினார்.

குத்தியது.

“என்ன சார், சாப்பிட வரலையா?” என்றபடி மெக்கானிக் பெண் ஒருத்தி வந்தாள். இரண்டாவது ஆளாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள்.

“அந்த நட்டைப் பாரும்மா. பின் இருக்கா?”

ஏறி டார்ச் அடித்துப் பார்த்தாள். “இருக்கே சார். நல்லா வளைச்சிருக்கீங்க. ஆனா எல்லாம் திருப்பிப் போட்டு வளைச்ச மாதிரி இருக்கு. எப்ப சார் நீங்க நொட்டாங்கை ஆனீங்க?”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அவர் ஏறிப் பார்த்தார். துளை. வெறும் துளை.

ஹெலிகாப்டரை வெளியே தள்ளி நிறுத்தினார்கள். பைலட் வந்தான். அவருடைய மகளைக் கட்டியவன்.

“என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? உங்க பொண்ணு கையால தினமும் சாப்பிடுறது நான், நானே தெம்பா இருக்கேன்!”

“இன்னைக்கு வேண்டாம் மாப்பிள்ளை.”

“ஏன்?”

“மனசு சரியில்ல.”

“மனசு சரியில்லன்னு புத்தகத்துல எழுத முடியுமா மாமா? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க, இப்பவே இறங்கிடறேன்.” அவன் விளையாடவில்லை. உண்மையாகவே கேட்டான், ஒரு கால் வெளியேதான் இருந்தது.

காரணம் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்தது. ஏழு வருஷம் பின்னால் போய் நிற்கும். எடுத்த வகுப்புகள், திரையில் போட்ட அந்த முகம், கேட்டில் நின்ற அந்தப் பெண், எல்லாம் ஒரே நாளில் தன் தலையில் வந்து விழும். மகள் தன்னை எப்படிப் பார்ப்பாள்?

“ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. போயிட்டு வாங்க.”

கதவு சாத்திக்கொண்டது.

விசிறி சுற்றியது. புழுதி. காது அடைத்தது. சக்கரம் தரையை விட்டது. மரத்தின் உயரம். அதற்கும் மேல்.

பையில் குத்தியது.

எடுத்தார். புதுப் பின் இல்லை. தலையில் சிவப்புப் பொட்டு. ஏழு வருஷத்துக்கு முன்னால் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து, யாரும் பார்க்காமல் சாக்கடையில் வீசியது.

வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். இப்போதாவது. பொத்தானை அழுத்தினார். விரலை எடுத்துவிட்டார்.

மேலே பின்சீட்டு ஜன்னலில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பைலட் தனியாகத்தான் ஏறினான். கரிந்த ஒரு கை கண்ணாடியில் பதிந்தது. இடது கை.

ஹெலிகாப்டரின் வால் மெல்ல, மிக மெல்ல, தானாகத் திரும்ப ஆரம்பித்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது. மாப்பிள்ளையின் குரல் இல்லை.

“‘பின்னைக் குடு, நான் மாட்டிக்கிறேன், நீ போய் ஏறு’ன்னு நீங்க சொன்னதாலதான் சார் அன்னைக்கு ஏறினேன். இதோ, இன்னைக்கும் ஏறிட்டேன்.”